ஜன்னல் வேண்டாம் என்றாள்

டிக்கெட் போடும் பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். கப்பலின் வரைபடம். ஓரங்களில் நீலக் கட்டங்கள், நடுவில் சாம்பல் நிறக் கட்டங்கள்.

"நீலம் ஜன்னல் அறை சார். கடல் தெரியும். அறைக்கு ரெண்டு பேர்தான், அதனால ரெண்டு அறை தருவோம். சாம்பல் உள்ளறை. ஜன்னல் கிடையாது, ஆனா ஒரே அறையில நாலு படுக்கை. உங்க பரிசுச் சீட்டுக்கு எது வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

நான் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் தொழிலாளர் சங்கத்துக் குலுக்கலில் விழுந்த பரிசு. இத்தனை வருஷத்தில் எனக்கு விழுந்ததெல்லாம் காலில் இரும்புதான். முதல் தடவையாக ஒரு நல்லது விழுந்திருக்கிறது.

"நீலம்" என்றேன்.

"சாம்பல்" என்றாள் என் மனைவி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். நான் பூசாரியையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை இவளுக்கு. ஆவி, வெந்நீர், கறை படிந்த விரிப்பு. ஒரு வாரமாவது கண் நிறையக் கடலைப் பார்க்கட்டும் என்றுதானே நினைத்தேன்.

"ஓசியில வந்ததுலயும் மிச்சம் பிடிக்கணுமா உனக்கு?"

"யாரு மிச்சம் பிடிச்சா?"

"அப்புறம் எதுக்கு அந்தப் பொந்து? எலி கூட வெளிச்சம் பாத்துத்தான் குடியிருக்கும்."

"எலி வெளிச்சம் பாக்காதுப்பா" என்றாள் பெரியவள். பதினாறு வயது, அப்பனைத் திருத்துவதற்கென்றே படிக்கிறாள்.

"மேல் படுக்கை எனக்கு" என்றான் சின்னவன். அவன் ஏற்கெனவே கப்பலில் இருந்தான்.

மனைவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நாம நாலு பேரும் ஒண்ணாப் படுத்துத் தூங்குனது எப்ப? ஒரே ஒரு நாள் சொல்லுங்க. நான் நீலத்துக்கே வரேன்."

யோசித்துப் பார்த்தேன். பெரியவள் பிறந்ததும் நாங்களே கேட்டு வாங்கிய ஷிப்டு. எனக்குப் பகல், அவளுக்கு ராத்திரி. பிள்ளையை யாராவது பார்க்க வேண்டுமே. எனக்கு ஞாயிறு விடுமுறை, அவளுக்குப் புதன்; அந்தப் புதன் ராத்திரியும் எனக்கு ஓவர்டைம் வந்துவிடும். வீட்டில் பெரிய கட்டில் ஒன்றுதான். அது ஆறியதே கிடையாது. விடிகாலையில் நான் எழுந்த சூட்டில் அவள் வந்து படுப்பாள். மாமியார் செத்தபோது நாலு பேரும் ஒன்றாக இருந்தோம், ஆனால் அன்று யார் தூங்கினார்கள்?

திரையில் சாம்பல் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"கடல் எங்கயும் ஓடிடாது. மேல போய் நாள் பூரா பாக்கலாம். ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறதுக்கு நம்ம வீடே போதுமே, கப்பல் எதுக்கு?"

டிக்கெட் பெண் விசைப்பலகையில் விரல் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"சாம்பலே போடும்மா" என்றேன்.

கப்பலில் அறையைத் திறந்ததும் சின்னவன், "இது அலமாரிப்பா, அறை எங்க?" என்றான். பொய்யில்லை. பவுண்டரியின் சரக்கு லிப்ட் இதைவிடப் பெரிது. கீழே இரண்டு படுக்கை, கூரையிலிருந்து இறங்கும் இரண்டு படுக்கை. ஒருவர் சட்டை மாற்றினால் மற்ற மூவரும் படுக்கைமேல் ஏறிக்கொள்ள வேண்டும். மனைவி மட்டும் விரிப்பைத் தடவிப் பார்த்து, "நான் துவைக்காத விரிப்பு!" என்று சிரித்தாள்.

விளக்கை அணைத்தோம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. சின்னவன் எதற்கோ சிரித்தான், அது எல்லோருக்கும் தொற்றியது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோதும் அதே இருட்டு. மணி பார்க்கப் போனைத் திறந்தால் வெளிச்சம் மனைவி முகத்தில் அடிக்கும். எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: ஒருவர் தூங்கினால் விழித்தவர் மூச்சைக்கூடச் சத்தமாக விடக்கூடாது. பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகியவர்கள். அசையாமல் கிடந்தேன். மூத்திரம் முட்டியது. கொதிக்கிற இரும்பைத் தாங்குகிறவன் இதைத் தாங்கமாட்டானா என்று பல்லைக் கடித்தேன். மற்ற மூவரும் அசையவில்லை. நல்ல தூக்கம், தூங்கட்டும்.

கதவு தட்டும் சத்தம். "சார், ரூம் கிளீன் பண்ணலாமா? மணி ஒண்ணாச்சு."

"உஷ்ஷ்!" என்றோம், நாலு பேரும் ஒரே நேரத்தில்.

கதவுக்கு வெளியே காலடிகள் நகர்ந்தன.

"அப்ப எல்லாரும் முழிச்சுத்தான் இருக்கீங்களா?" என்றாள் பெரியவள் மேலேயிருந்து. "நான் எப்பவோ முழிச்சேன். அம்மா தூங்குறாங்கன்னு கிடந்தேன்."

"நானும்! பசியில போர்வையைக் கடிச்சிட்டிருக்கேன்" என்றான் சின்னவன்.

"நீங்க மூணு பேரும் மூச்சு விடறதக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன்" என்றாள் மனைவி. "எழுப்ப மனசு வரல."

நான் கழிவறைக்கு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் அறையே சிரித்தது.

"காலைச் சாப்பாடு போச்சு, மத்தியானச் சாப்பாடும் போகப் போகுது" என்று சின்னவன் புலம்பினான்.

"போகட்டும்டா. ராத்திரி மூணு குறட்டையும் கேட்டப்புறம்தான் நான் தூங்குனேன். உங்க அக்காவுக்குத்தான் முதல் பரிசு."

"பொய்ம்மா!"

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது. மனைவி தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். கண் உப்பி, கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு. வயிறு நிறைய உண்டவர் முகம்போல் ஒரு முகம். பதினாறு வருஷமாக நான் பார்க்காதது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? பேய் மாதிரி இருக்கேனா?"

"பேய்தான்" என்றேன். "எழுந்து பல்லைத் தேய். கடலைப் பயமுறுத்தப் போகலாம்."