வெட்டின் சாய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் கணவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் நடுவில் தான் செய்து முடித்த ரோபோவை நிறுத்தினார். பக்கத்தில் அவருடைய கம்பெனி கொடுத்த தாள், ஒரு பேனா, நான் வேலைக்குக் கொண்டுபோகும் லென்ஸ். "உக்காரு. உங்க ஃபேக்டரியில பாக்குற மாதிரி பாரு. புருஷன்னு பாக்காத" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் புருஷன் என்று பார் என்றும் அவர் சொன்னதில்லை. சரி என்று உட்கார்ந்தேன்.

நான் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கிறவள். வாளி, மூடி, கார் கதவின் உள்பக்கக் கைப்பிடி, எதுவானாலும் என் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிசிறையும் பள்ளத்தையும் தேடியதில், அங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. கொஞ்சம் அதிகமாகத் தள்ளுபடி செய்த நாளில் வெறும் பூதம்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புத் தகடு வைக்கும் பெரிய கொட்டகையில், கூரைக்குக் கீழே ஓடும் கிரேன். நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. வலது கையில் இருக்கும் லீவர்தான் பாரத்தை ஏற்றும், இறக்கும், நடுவில் பிடித்து நிறுத்தும். அங்கே இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்தவர், ஏழு மாதத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் மூன்றாம் படியில் வழுக்கி விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒன்பதாவது ஆள் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வலது மணிக்கட்டில் தகடு வைத்து ஏழு திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் பிடிமானம்தான் வரவில்லை. விரலுக்கு நுணுக்கமாக வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார். மற்றவர்கள் ரப்பர் பந்து வாங்குவார்களாம். இவர் ரோபோ வாங்கி வந்தார்.

பெட்டியில் முந்நூற்று நாற்பது துண்டுகள். எல்லாம் கருநீலம், அங்கங்கே கொஞ்சம் சாம்பல். தட்டையான சட்டங்களில், கிளையில் காய் தொங்குகிற மாதிரி, ஒவ்வொரு துண்டும் சின்னக் காம்பில் ஒட்டியிருக்கும். கட்டரால் காம்பை வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, படப் புத்தகத்தைப் பார்த்து ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்த வேண்டும். பசை கிடையாது. இந்த வயதில் பொம்மையா என்று கேட்டேன். பொம்மை இல்லை, மாடல் என்றார். முதலில் நான் வீட்டில் இருக்கும்போதுதான் செய்தார். கட்டர் நழுவும், வாயில் வந்ததையெல்லாம் சொல்வார். நான் வெட்டித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதன் பிறகு நான் வேலைக்குப் போனபின்தான் பெட்டியைத் திறந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் முந்தின நாளைவிட ஒரு முழங்காலோ ஒரு தோளோ கூடுதலாக இருக்கும்.

அந்தத் தாளில்தான் விஷயம் இருந்தது. மறுநாள் கம்பெனி டாக்டர் கையைப் பார்க்கப் போகிறார். டாக்டர் ஒருமுறை கையைப் பிடித்து அழுத்தச் சொல்வார், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் டாக்டருக்கு என்ன தெரியும் என்று கம்பெனியே யோசித்திருக்க வேண்டும். உடன் வசிக்கிறவர் நிரப்ப வேண்டும் என்று கீழே ஒரு பகுதி வைத்திருந்தார்கள். 'நுணுக்கமான வேலைகளை வலது கையால், பிறர் உதவியின்றிச் செய்கிறாரா? நீங்கள் கண்டதை எழுதிக் கையொப்பமிடவும்.' செய்கிறார் என்றால் கூண்டு. இல்லை என்றால் ஸ்டோரில் ஒரு நாற்காலி. சம்பளத்தில் ஒன்றும் குறையாது. ஆனால் அவர் அதை நினைத்தே பார்க்க மாட்டேன் என்றார். "அங்க உக்காந்தா நான் கிரேனை அண்ணாந்து பாக்கணும்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் கூண்டுக்குப் போக வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

ரோபோவை எடுத்தேன். ஒன்றரைச் சாண் உயரம், கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். முட்டி மடங்கியது, இடுப்பு திரும்பியது, விரல்கள் ஐந்தும் தனித்தனியாகத் திறந்து மூடின. வலது கண்ணின் ஸ்டிக்கர் அரை மயிரிழை கோணல் என்றேன். அவருக்குச் சந்தோஷம். குறை சொன்னால்தான் நான் உண்மையாகப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இடது முழங்கை கொஞ்சம் லொடலொட என்றேன். அது டிசைனே அப்படி என்று கம்பெனிக்காரன் மாதிரி பதில் சொன்னார். எங்கள் தொழிற்சாலையில் மோல்டிங் மேஸ்திரியும் இதையேதான் சொல்வார்.

பிறகு லென்ஸை வைத்துக் காலிலிருந்து தொடங்கினேன். அவரும் காலிலிருந்துதான் செய்திருந்தார். பாதத்தில் காம்பு வெட்டிய இடமெல்லாம் குதறியிருந்தது. கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாக வெளிறிய தழும்புகள். கட்டரை முறுக்கிப் பிய்த்தால் அப்படித்தான் வரும். கெண்டைக்காலில் கொஞ்சம் பரவாயில்லை. இடுப்புக்கு மேலே போகப் போக வெட்டு சுத்தமாகிக்கொண்டே வந்தது. மார்பிலும் தோளிலும் தழும்பையே காணோம். தலையில் எங்கே வெட்டினார் என்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். பதினோரு வாரத்தில் ஒரு கை தேறி வந்தது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன்.

முதல் பார்வையில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் தடவை, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். எங்கள் நான்காவது வரிசையில் ஒரு பெண் இடது கைக்காரி. அவள் சீவிய மூடியை ஆயிரம் மூடிக்குள் கலந்து போட்டாலும் எடுத்துவிடுவேன். மற்றவர்கள் சீவினால் வெட்டு வலப்பக்கம் சரிந்திருக்கும், அவளுடையது இடப்பக்கம் சரியும். கையை மாற்றாமல் சாய்வை மாற்ற முடியாது. ரோபோவின் முட்டி வரைக்கும் வெட்டுகள் வலப்பக்கம் சரிந்திருந்தன. தொடையில் இரண்டும் கலந்திருந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுவிடாமல் எல்லாம் இடப்பக்கம். மறுபடி பார்த்தேன். தேறியது வலது கை இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்க, இடது கை தொழில் கற்றுக்கொண்டிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை, அதுவும் என்னிடமா என்று. அடுத்து வந்தது பயம். அந்தக் கொட்டகையில் தகட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே நின்று கை காட்டுகிறவன் என் தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதும் இவர்தான். இரண்டு டன் இரும்பை அவன் தலைக்கு மேலே பிடித்து நிறுத்துவது அந்த வலது கட்டை விரல். எதுவும் தெரியாத மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் முகம் அப்படி இருந்தது, பரீட்சை பேப்பர் வாங்க வந்த பிள்ளை மாதிரி.

"இடுப்புக்கு மேல எல்லாம் இடது கையால வெட்டியிருக்கீங்க" என்றேன்.

அவர் ரோபோவை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. "பாதி நாள் நான் மாத்துனதே எனக்குத் தெரியல. வலது கையிலதான் கட்டரை எடுப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா இடது கையில இருக்கும்" என்றார். பொய் சொல்கிறவர் பேச்சு மாதிரி அது இல்லை. அவரும் என்னைப் போலவே ரோபோவின் தலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். சோற்றில் எதையும் யாரும் மறைக்கவில்லை என்று புரிந்தபோது, கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெட்டிக்குள் ஒரு சட்டத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. தலையில் மாற்றி வைக்க இன்னொரு கொம்பு. அதையும் கட்டரையும் அவர் முன்னால் வைத்தேன். வலது கையால் வெட்டுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலது கையில் எடுத்தார், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். சட்டத்தைப் பிடித்திருந்த இடது கை கட்டரின் பக்கம் தானாக வந்தது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். முதல் அழுத்தத்தில் காம்பு நசுங்கியது. இரண்டாவதில் கட்டர் நழுவியது. மூன்றாவதில் கட்டை விரல் நடுங்க ஆரம்பித்து, கழுத்து நரம்பு புடைத்து, காம்பு அறுந்தது. வெட்டுப்படவில்லை, பிய்ந்தது. கொம்பு வெள்ளைத் துண்டின் மேல் விழுந்தது.

லென்ஸை அவரே எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் தழும்பு லென்ஸ் இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

"உன் தம்பி கீழ நிக்கிறான்ல" என்றார்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "பாத்தத எழுது."

மின்விசிறிக் காற்றில் தாளின் முனை எழும்பியது. பறக்காமல் இருக்க அவர் வலது கையைத் தாளின் மேல் வைத்தார். விரித்த கை, ஏழு திருகாணியும் உள்ளே, அசையாமல் கிடந்தது. நான் எழுத வேண்டிய வரி அதற்கு அடியில்தான் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சம் தள்ளி, தாளின் ஓரத்தில் வைத்தேன்.