அண்ணன் சொன்ன நிலவரம்

பங்குத் தரகு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவளிடம், உலகம் முழுக்கக் குளிர்பானம் விற்கும் ஒரு கம்பெனியை எடைபோடும் வேலை வந்தது. அதன் பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று அவள் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையில் வருமானம் ஏறியிருந்தது. ஆனால் ஜனங்கள் அதிகம் குடித்ததால் ஏறியதா, கம்பெனி விலையைக் கூட்டியதால் ஏறியதா என்பதுதான் பிடிபடவில்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அண்ணனிடம் போனாள். அந்தக் கம்பெனியின் சரக்கைக் கடைகளுக்குப் போடும் ஏஜென்சி அவனுடையது. சேமிப்பையும் அதே பங்கில்தான் போட்டிருந்தான்.

கிடங்கு காலியாகக் கிடந்தது.

"பாத்தியா பாப்பா? வந்த வேகத்துல போயிடுது. கண்ணை மூடிட்டு வாங்கச் சொல்லு."

"பின்னாடி ரூம்ல என்ன இருக்கு?"

"காலி பாட்டிலுங்க. ஒரே தூசி. உள்ள போனா உனக்குத் தும்மல் நிக்காது."

சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூசி ஆகாது. அவன் மறக்கவில்லையே என்று உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனாள். 'வாங்கலாம்' என்று எழுதினாள். அவள் பெயரை நம்பிப் பலர் வாங்கினார்கள், விலையும் ஏறியது.

அடுத்த காலாண்டு முடிவு வந்தபோது விற்பனை படுத்திருந்தது. பங்கு சரிந்தது. அண்ணன் பணம் போகிறதே என்றுதான் முதலில் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணி, அந்த ஷேரை உடனே விக்கச் சொல்லுங்க!"

அண்ணி சிரித்தாள். "அது உன் அறிக்கை வந்த வாரமே வித்தாச்சே. உன்கிட்ட சொல்லலையா?"

உள்ளேயிருந்து வந்த அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பின்னாடி ரூம்?" என்று கேட்டாள்.

"கூரை வரைக்கும் சரக்கு. விக்கல. கம்பெனிக்காரன் என் தலையில கட்டிட்டான். நான் என்ன பண்றது?"

"அதுக்கு என் தலையா கிடைச்சுது?"

"உனக்கென்ன நஷ்டம்? சம்பளம் வருதுல்ல?"

பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதற்கு அவள் தும்மலையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டான்!

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிலவரம் சொன்னது சொந்த அண்ணன், அவனிடம் பங்கு இருந்தது, தான் சரிபார்க்கவில்லை என்று வாடிக்கையாளர்களுக்குத் திருத்தம் போனது. அவள் கையிலிருந்த கம்பெனிகளையெல்லாம் வேறு ஒருவருக்கு மாற்றினார்கள். பங்குச் சந்தை அதிகாரிகள் அண்ணனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று மாலை அவன் போன் செய்தான். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேடி!"

"நீ என்னைக் காட்டி வித்தியே, அண்ணா."

இணைப்பு அறுந்தது. இப்போதெல்லாம் அண்ணி மட்டும் எப்போதாவது கூப்பிடுவாள். அவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது தொண்டைச் செருமலில் தெரியும். தங்கை அண்ணன் குழந்தைகளை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்.