அவோபா வட்டாரத்து மாப்பிள்ளை

கட்டிக்கொள்ளப் போகிற கெந்தாவை, அஜின்கோர்ட்டிலுள்ள அப்பா அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நிலாணி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்ரீஸ்கந்தராசா 'ஓம்' என்றால் கலியாணம். இல்லையென்றால், முந்தி அவள் விரும்பின பிரியந்தனுக்கு நடந்ததுதான். அவன் யாழ்ப்பாணத்துப் பெடியன்தான், நல்ல வேலையும் இருந்தது. அப்பா லண்டனுக்கும் பாரிசுக்கும் போன் அடித்து, "ஊரிலை எவடம்? ஆரின்ரை ஆக்கள்?" என்று துருவித் துருவிச் சாதியைக் கண்டுபிடித்தார். அடுத்த முறை அவன் வந்தபோது அவனுக்கு மட்டும் தேத்தண்ணி பேப்பர் கப்பில் வந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. பிறகு அவன் வரவேயில்லை.

இன்றைக்கு அப்பா ஆளே வேறு! யோகொஹாமாவில் கெந்தா பிறந்த அவோபா வட்டாரத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். முந்தி அது வயலும் மேடும்தானே, சுருமி ஆறு ஓடுதே, அறுபத்தாறில் ரெயில் வந்த பிறகுதானே வீடுகள் முளைத்தன, தொண்ணூற்றி நாலில்தானே மிடோரி வட்டாரத்திலிருந்து பிரித்தார்கள் என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனார். கெந்தா வாயைப் பிளந்தான். நிலாணிக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காக அல்லவா இந்த மனிசன் இவ்வளவும் படித்திருக்கிறார்!

அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு தமிழுக்கு மாறினார். "பிள்ளை, ரெயில் வாறதுக்கு முந்தி இவையின்ரை ஆக்கள் அங்கை என்ன தொழில் செய்தவை எண்டு ஒருக்காக் கேள்."

அட பாவி மனிசா, இதுக்குத்தானா அவ்வளவு படிப்பும்! நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

நிலாணி பேச்சை மாற்றப் பார்த்தாள். அப்பாவே ஆங்கிலத்தில் கேட்டார். கெந்தா பெருமையோடு சொன்னான்: தாத்தா முடி வெட்டுகிறவர், ரெயில் வந்ததும் புது ஸ்டேஷன் வாசலில் முதல் சலூன் அவருடையதுதான்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. எழும்பிக் குசினிக்குள் போய் என்னவோ குசுகுசுத்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா ரதி, ஒருவரையும் பார்க்காமல் தட்டத்தைக் கொண்டுவந்தார். பூப்போட்ட கப் மூன்று. பேப்பர் கப் ஒன்று.

கெந்தா அதை இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னான். நிலாணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அம்மா, எனக்கும் உந்தப் பேப்பர் கப்பிலையே தாங்கோ."

"உனக்கேன் பிள்ளை?" என்றார் அப்பா.

"நான் இனி சலூன்காரர் வீட்டு ஆளெல்லோ, அப்பா. அவோபாவிலைதான் இருக்கப் போறன். இந்த வீட்டிலை இதுதான் என்ரை கடைசித் தேத்தண்ணி."