ஒன்பதாவது பிள்ளை

குன்னூரில் முப்பது வருடம் வாழ்ந்த ஒதெத் என்ற பிரெஞ்சுக்கார அம்மா, கடைசிக் காலத்தில் பிறந்த ஊருக்கே போய்விட முடிவு செய்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட ரேணுகாவையும் கூட அழைத்துப் போனார். இரண்டு வருடம் என்றுதான் பேச்சு. நான்காகிவிட்டது.

ரேணுகாவின் கணவன் தினகரன் வெலிங்டனில் ராணுவ அலுவலகக் குமாஸ்தா. மகள் தன்விகாவுக்கு ஏழு வயது. அம்மா என்றால் அவளுக்குப் போனில் தெரியும் முகம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேணுகா போனைப் பிடித்தபடி ஒதெத்தின் ஊரான சாம்ப்ரோல் கிராமத்தைச் சுற்றிக் காட்டுவாள். பூட்டிக் கிடக்கும் ரொட்டிக்கடை. வாரம் இருமுறை ரொட்டி கொண்டுவரும் வேன். தேவாலயத்தின் முன் ஒரு கல்தூண்; அதில் முதல் உலகப் போரில் இறந்த முப்பத்தொரு பேரின் பெயர்கள். அவர்களில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

"அந்தச் சண்டைக்கு முன்னால நானூறு பேர் இருந்தாங்களாமுங்க. இப்ப எண்பத்தாறு."

தினகரன் தூணைப் பார்ப்பதில்லை. அவள் எப்போது போனைத் தன் முகத்துக்குத் திருப்புவாள் என்று காத்திருப்பான்.

ஏப்ரலில் ஒதெத் இறந்தார். இனி ரேணுகா வந்துவிடுவாள் என்று தினகரன் வீட்டுக்கு வெள்ளையடித்தான். அடுத்த ஞாயிறு அவள் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"ஏனுங்க, இங்க வயசானவங்களைப் பாத்துக்க ஆளே இல்லீங்க. இந்த ஊரு மேயரம்மா என்னை இருக்கச் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல எட்டுப் புள்ளைங்கதான். இன்னொண்ணு சேரலீன்னா மூடிருவாங்களாம். தன்விகாவை அனுப்பறீங்களா?"

"அப்ப நானு?"

"நீங்களும் வாங்க."

"பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் கெடக்குது, ரேணு."

அன்று மாலை மகளிடம் கேட்டான். அவள் யோசிக்கவே இல்லை. "அம்மாவைத் தொட்டுப் பாக்கோணும்ப்பா." அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ரேணுகா வந்து பத்து நாள் இருந்தாள். தன்விகா அவள் முந்தானையை விடவேயில்லை. கோவை விமான நிலையத்தில் இருவரையும் ஏற்றிவிட்டு, தினகரன் தனியாக மலையேறினான்.

செப்டம்பரில், மதியச் சாப்பாட்டு வேளையில் போன் வந்தது. வகுப்பு வாசலில் நின்று ரேணுகா காட்டினாள். டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒன்பதாவது பெயருக்குத் தன்விகா கையை உயர்த்தினாள். வெளியே நின்ற கிழவர்களும் கிழவிகளும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் தப்பிச்சிருச்சுங்க!" என்றாள் ரேணுகா.

"நல்லதாப் போச்சு," என்றான். பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

டிசம்பரில் அவர்களைப் பார்த்துவர அன்றே லீவுக்கு எழுதிக் கொடுத்தான். வேலை முடிந்து நிறுத்தத்தில் நின்றபோது குன்னூர் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போயிற்று. வீட்டுக்குப் போக அவனுக்கு அவசரம் எதுவும் இல்லை.