வட்டில் விழுந்த கீறல்

பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து படங்களையும் பதிவுகளையும் மீட்டுக் கொடுக்கும் கடையொன்று சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கிறது. துஷாந்தினி அங்கேதான் வேலை செய்கிறாள். அன்று மதியமே அவளுக்குக் கண்கள் எரிந்தன. மரியம்மாவும் அவர் கணவர் வின்சன்டும் தாங்கள் கொடுத்திருந்த டிஸ்க்கின் முடிவைக் கேட்க லவாலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வின்சன்டுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவர் முன்பு பேசியதும் பாடியதும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தன. மாரிப் பனிக்காலத்தில் அது மேசையிலிருந்து விழுந்தது. பிறகு டக் டக் என்று தட்டியதே தவிர, திறக்கவில்லை.

மூடி கழற்றிய டிஸ்க்கைத் துஷாந்தினி அவர்கள் முன் வைத்தாள். கண்ணாடிபோல மின்னும் வட்டுகள், அவற்றின் மேல் நீண்ட மெல்லிய கை, அதன் நுனியில் எள்ளளவு தலை. வட்டு சுழலும்போது தலை அதைத் தொடாமல், தூசிகூடப் புக முடியாத இடைவெளியில் மிதந்தபடி வாசிக்கும் என்று விளக்கினாள். விழுந்ததில் தலை சேதமாகிவிட்டது. இதே மாதிரி வேறொரு டிஸ்க்கின் தலையை எடுத்துப் பூட்டியும் பார்த்தாள். ஆனால் வட்டே உராய்ந்துபோயிருந்தது.

மரியம்மா வட்டிலிருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்த உடனயே இவ்வளவும் வந்ததா மகள்?"

இந்தக் கேள்வி வராதிருக்க வேண்டுமே என்று துஷாந்தினி காலையிலிருந்து நினைத்திருந்தாள். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"இல்லை அன்ரி. பேந்தும் போட்டுப் போட்டுப் பாத்திருக்கிறியள். ஒவ்வொருக்காலும் தலை வட்டைச் சுரண்டியிருக்கு."

கார்டெரி எனும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வந்து தினமும் அதைப் போட்டுப் பார்த்ததாக மரியம்மா மெல்லச் சொன்னார். ஒரு நாளைக்காவது திறக்காதா என்றுதானாம். வின்சன்டுக்கு அது தெரியாது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மீண்டது ஒரே ஒரு பதிவு. துஷாந்தினி அதைப் போட்டாள். அதில், பனி தள்ளும் வண்டி காருக்கு முன்னால் பனியைக் குவித்துவிட்டுப் போனதற்கு வின்சன்ட் முணுமுணுக்கிறார். நடுவிலேயே அறுந்துவிட்டது. இன்னொருக்கா போடச் சொல்லி மரியம்மா கேட்டார். வின்சன்ட் போதும், வேண்டாமென்று தலையசைத்து, கைபேசியில் எழுதிக் காட்டினார்: "காணும். வீட்டை போவம்."

டிஸ்க்கை எறிந்துவிடச் சொல்லிவிட்டு, பதிவு இருந்த பென் டிரைவை மட்டும் மரியம்மா எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் வின்சன்ட் மனைவியின் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். மரியம்மா அசையாமல், இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.