ஐந்தாவது மாடிக் கூடை

"நாள் தவறாம கீழே போய்த்தானே காய் வாங்கறேன்" என்று மகளிடம் சொல்லி வாய் மூடவில்லை, தெருவிலிருந்து காய்கறிக்கார ஷாபானின் குரல் வந்தது.

"ஹஜ்ஜும்மா! முலூகியாக் கீரை வந்திருக்கு, ஈரம்கூடக் காயல. கூடையை இறக்குங்க!"

கெய்ரோவின் இந்தச் சந்தில் இளம்பெண்கள்கூடப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையைத்தான் இறக்குவார்கள். அதனால் நான் பதறவில்லை. அவன் அடுத்துச் சொன்னதற்குத்தான் பதறினேன்.

"பெருநாளுக்கு அப்புறம் உங்களைத் தெருவிலயே காணோமே! எங்க மேல கோபமா?"

மகள் நஷ்வா தேநீரைக் கீழே வைத்தாள். அவள் வந்ததே இதற்காகத்தான். ஊருக்கு வெளியே, லிஃப்ட் உள்ள அவள் வீட்டில், பிள்ளைகளின் அறையில் எனக்கென்று ஒரு கட்டில் போட்டாயிற்று. 'தனியா இறங்க முடியுதுன்னா அங்கேயே இரு, இல்லேன்னா கிளம்பு' என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

"வாயாடிப் பய. இதோ, நானே போய் வாங்கிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"அடுப்பில கோழி கொதிக்குது. நீ அதைப் பாரு."

படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். வலது முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. 'இதயம் கல்லு மாதிரி இருக்கு, தொண்ணூறு வரைக்கும் இருப்பீங்க' என்றிருந்தார் டாக்டர். அன்று சந்தோஷப்பட்டேன். எங்கே இருப்பேன், யார் வீட்டு ஜன்னலோரத்தில் என்று அவர் சொல்லவில்லை. சாவை நினைத்து எனக்குப் பயமில்லை. அதற்கு முன்னால் நீண்டு கிடக்கும் வருஷங்கள்தான் பயம்.

பாதி வழியில் முழங்கால் மடங்கியது. சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்தேன். மேலே கதவு திறந்தது.

"அம்மா? சத்தமே காணோம்?"

"பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேசிட்டிருக்கேன்!"

படிக்கட்டில் யாருமே இல்லை. கதவு மூடும்வரை மூச்சு விடவில்லை.

தெருவுக்கு வந்தபோது முதுகெல்லாம் வியர்வை.

"அடடே, நிலா இறங்கி வந்துருச்சு!" என்று ஷாபான் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன். பால்கனியில் நஷ்வா சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா! மேல வா, சாப்பிடலாம்."

கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு எழப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. மறுபடியும் முயன்றேன்.

ஷாபான் குனிந்து கிசுகிசுத்தான். "ரெண்டு பேரைக் கூப்பிடவா? நாற்காலியோட தூக்கிடலாம்."

"நான் என்ன பீரோவா? போடா."

அண்ணாந்து பார்த்தேன். என் வீடு அவ்வளவு உயரத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இனி எந்தப் பொய்யும் என்னை அங்கே ஏற்றாது.

"நஷ்வா! கூடையை இறக்கு!"

"எதுக்கு? கீரைதான் மடியிலேயே இருக்கே?"

"கட்டிலுக்கு அடியில ஒரு கைத்தடி இருக்கு. அதை வச்சு இறக்கு."

பால்கனி வெகுநேரம் காலியாக இருந்தது. பிறகு கம்பிக்கு மேலே கூடை தெரிந்தது. தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆடி ஆடி வந்து, நடுவழியில் நின்றது.

"எத்தனை நாளாம்மா இது?"

தெருவே அண்ணாந்து பார்த்தது.

"முதல்ல இறக்குடி. மேல ஏறி வந்து சொல்றேன்."