கார் நிழலுக்கு ஒரு கோணல் தேக்கு

தேக்கு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஒரு மரத்தில் கார்ச் சாவியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியபோது, தோட்டத்தின் அத்தனை தேக்குகளிலும் அதே உயரத்தில் அதே எழுத்து விழுந்தது. அவர் வியக்கவில்லை, தன் தகுதிக்கு நடக்க வேண்டியதுதான் என்று எடுத்துக்கொண்டார். எல்லாம் அவரே தேர்ந்தெடுத்த ஒரே மரத்தின் குச்சிகளை வெட்டி நட்டு வளர்த்தவை. கிளை விடாமல் நேராக வளர்ந்தன. ஒன்றைத் திட்டினால் எல்லாம் தலைகுனிந்தன. நிலையத்தின் மற்ற தேக்குகளை வகைக்கு ஒன்றுகூட விடாமல் வெட்டச் சொல்லிவிட்டார். கழிப்பறைக்குப் பின்னாலிருந்த கோணல் மரம் மட்டும் தப்பியது. அதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. நேரான மரங்கள் நிழல் தரவில்லை, அவர் காருக்கு நிழல் வேண்டியிருந்தது.

ஆண்டுகள் ஓடின. நேரான காடு பூத்துக் குலுங்கியும் காய் பிடிக்கவில்லை; தேக்குக்குத் தன் மகரந்தம் ஆகாது, அங்கோ எல்லாம் ஒரே மரம். கோணல் மரம் மட்டும் அந்தக் காட்டின் மகரந்தத்தை வாங்கிக் காய்த்துக் கொட்டியது. காரோட்டியாக இருந்த மைத்துனன் புலம்பினான்.

"அத்தான், பானெட் பூரா காய். இதையும் வெட்டிடலாமா?"

"வெட்டிட்டு நீ குடை புடிக்கிறியா? கீழ குப்பை கிடக்கக் கூடாது, அவ்ளோதான்."

குப்பைக்குழி வரை நடக்கச் சோம்பல்பட்ட மைத்துனன் காய்களைக் கூட்டி டிக்கியில் தள்ளினான்.

பிறகு வண்டு வந்தது. ஒரு மரத்தைத்தான் துளைத்தது; எல்லாவற்றிலும் துளை விழுந்தது. ஒரே பிற்பகலில், வரிசை கலையாமல், காடு செத்தது. கோணல் மரத்தை வண்டு கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனது. ஆனால் இனி அது காய்க்க மகரந்தம் இல்லை. நிலையத்தை மூடுவதாகத் தலைமையகம் சொன்னது. குவார்ட்டர்ஸில் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினார்கள். இயக்குநர் விதை தேடி ஊரூராக அலைந்தார். எங்கும் அவர் விற்ற குச்சிகளையே நட்டிருந்தார்கள். எங்கும் பட்ட மரம், அதில் அவர் எழுத்து.

"உலகத்துல ஒரு விதைகூடவா இல்ல?" என்று திரும்பும் வழியில் அழுதார்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது அத்தான். பின்னாடி ஒரே கனம். டிக்கியும் திறக்கல."

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஓட்டை வழியே இறங்கிய மழையில் டிக்கி நிறைய தேக்கு முளைத்திருந்தது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று பிறக்கும்போதே கோணல்.

அவற்றைத் தோட்டத்தில் நட்டார்கள்; நிலையம் மூடப்படவில்லை. அடுத்து வந்த வண்டு சிலவற்றைத் தின்றது, மற்றவை பிடிக்காமல் பறந்துபோனது. இயக்குநர் தினமும் தோட்டத்தைச் சுற்றுகிறார். இப்போது அவர் ஒரு மரத்தைத் திட்டினால் அந்த ஒன்றுதான் தலைகுனிகிறது. மற்றவை வேடிக்கை பார்க்கின்றன.